வேன் கதவு

அஞ்சனா ஆக்லாந்தில் வந்து இறங்கியது ஒரு ஜூலை மாதத் தொடக்கத்தில். அங்கே அது நடுக் குளிர்காலம், சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் யாரும் தேர்ந்தெடுக்காத மாதம். மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மலேசியாவில் அவள் பிறந்து வளர்ந்த தைப்பிங்கில் மழைக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் மழையும் குளிரும் சேர்ந்தே வந்து எலும்புக்குள் குடியேறும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தைப்பிங்கில் ஒரு டியூஷன் சென்டரில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். பரீட்சைக் கேள்விகளை மனப்பாடம் செய்ய வைப்பதே வேலை என்றாகிப்போனதும் சலித்துவிட்டது. நியூசிலாந்தில் ஆறு மாதம் வரை தங்கி வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்ற மலேசியப் பிள்ளைகளுக்கு ஒரு விசா உண்டு. அது கிடைத்ததும் ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஒரு முதுகுப்பையை வாங்கினாள். முதல் மாதம் ஆக்லாந்தில் தன்னார்வ ஆசிரியையாக இருப்பது, பிறகு வடக்கு முனை வரை போய்க் கடற்கரையோரமாக நடப்பது, அங்கிருந்து தெற்குத் தீவு. இதுதான் திட்டம்.

ஆசிரியை வேலை இணையத்தில் கிடைத்தது. ஆக்லாந்தில் அகதிகளாக வந்து குடியேறிய தமிழ்ப் பெண்களுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்க ஆள் தேவை, தங்க இடமும் சாப்பாடும் தரப்படும் என்று விளம்பரம் கொடுத்திருந்தவர் பெயர் நரேந்திரன். விமான நிலையத்துக்கு அவரே வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர், மலேசியாவின் கிள்ளானில் பிறந்து இருபது வருடத்துக்கு முன்னால் இங்கே வந்தவர்; பேச்சின் முடிவில் 'லா' போடும் ஊர்ப்பழக்கம் இன்னும் விடவில்லை. கையில் அவளுக்காக ஒரு கம்பளிக் குல்லாய் வைத்திருந்தார். பையைத் தூக்க அவள் விடவில்லை; அவரும் விடவில்லை. கடைசியில் அவர்தான் தூக்கினார். காரில் ஹீட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஊரில் யார் யார் இருக்கிறார்கள், அப்பா என்ன வேலை என்று அக்கறையோடு விசாரித்தார். நல்ல மனிதர் என்று அஞ்சனா நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பைப் பிறகு ஞாபகப்படுத்திக்கொண்டபோதெல்லாம் அவளுக்குத் தன் மீதே எரிச்சல் வந்தது.

நரேந்திரனின் தொழில், ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியிலிருந்த காய்கறிக் கொட்டகைகளுக்கு ஆள் அனுப்புவது. கேரட், வெங்காயம், காலிஃபிளவர் எல்லாம் வயலிலிருந்து சேறும் மண்ணுமாக வந்து இறங்கும். கழுவித் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். அதற்குப் பெண்கள். விடிவதற்கு முன்னால் அவருடைய வேன் ஆக்லாந்தின் ஒடாஹுஹு பகுதியில் தெருத்தெருவாகப் போய் அவர்களை ஏற்றிக்கொள்ளும். மாலையில் கொண்டுவந்து விடும். அவர் வீடு கடலுக்கு அந்தப் பக்கம் கிளென்ஃபீல்டில். ஒடாஹுஹுவிலும் அவருக்கு ஒரு பழைய மரவீடு இருந்தது. அதன் முன்பக்கத்தில் தமயந்தி என்ற பெண்ணும் அவள் மகள் நிருஜாவும் வாடகைக்கு இருந்தார்கள். பின்புறத்தில் கார் நிறுத்துமிடத்தை அறையாக மாற்றி அஞ்சனாவுக்குக் கொடுத்தார். சுவர் மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் தண்ணீர் வழியும். மலையேறும்போது போர்த்திக்கொள்ள வாங்கிய ஸ்லீப்பிங் பேக்குக்குள், இரண்டு சட்டைக்கு மேல் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு படுத்தாள்.

வகுப்பு தமயந்தியின் கூடத்தில் நடந்தது. வேன் வந்து இறக்கிவிட்டதும் ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள், எல்லோரும் இலங்கைக்காரர்கள். ஹீட்டரைச் சுற்றிக் காலை நீட்டிக் கார்ப்பெட்டில் உட்காருவார்கள். குளிர்ந்த தண்ணீரில் நாள் முழுக்க ஊறிய விரல்கள் உடனே பேனாவைப் பிடிக்காது. அதனால் முதல் கால் மணி நேரம் எழுத்து வேலை கிடையாது, வாய்ப்பேச்சுதான் என்று அஞ்சனா ஏற்பாடு செய்தாள்.

தமயந்திக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கிளிநொச்சிப் பக்கம். போரில் கணவனை இழந்து, மகளைத் தூக்கிக்கொண்டு பல இடம் அலைந்து, முன்பே இங்கே வந்திருந்த தம்பியின் உதவியால் வந்து சேர்ந்தவள். தம்பி பிறகு வேலை கிடைத்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். வகுப்பில் அதிகம் கதைக்கிறவள் அவள்தான். கொட்டகையில் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைப்பாள். அதையே இங்கிலீஷில் சொல்லுங்கள் என்றால் முகம் மூடிக்கொள்ளும். தலையைக் குனிந்துகொண்டு, மகளைக் கூப்பிட்டு அவளைச் சொல்லச் சொல்வாள். பதினைந்து வயது நிருஜா அறைக்குள்ளிருந்தபடியே இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு வெளியே வராமல் இருந்துவிடுவாள்.

முதல் வாரம் நரேந்திரனும் வந்து பின்னால் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், கொட்டகையில் உதவுகிற மாதிரிச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார். பெட்டி, பலகை, சீக்கிரம், முடிந்துவிட்டது, மன்னியுங்கள், சரி. அஞ்சனா அவற்றைச் சொல்லிக்கொடுத்தாள். அதற்கு அடுத்தபடியாக எந்த ஆசிரியையும் சொல்லிக்கொடுப்பதைத்தான் அவளும் சொல்லிக்கொடுத்தாள். ஏன், முடியாது, எனக்கு இங்கே வலிக்கிறது, கொஞ்சம் ஓய்வு வேண்டும்.

அடுத்த வாரம் கண்மணி என்ற பெண், முதுகு வலிக்கிறது, கொஞ்சம் உட்காரலாமா என்று சூப்பர்வைசரிடம் இங்கிலீஷில் கேட்டாள். அவன் தலையாட்டினான், உட்காரவும் விட்டான். மறுநாள் விடியற்காலை வேன் அவள் வீட்டு வாசலில் நிற்காமல் போய்விட்டது. அதற்கு அடுத்த நாளும் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளென்ஃபீல்ட் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நரேந்திரனின் மனைவி மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் அஞ்சனா கண்மணியைப் பற்றிக் கேட்டாள். நரேந்திரன் கோபப்படவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பை அவள் தட்டில் ஊற்றினார்.

"தங்கச்சி, நீங்க ஒரு மாசம் இருந்துட்டு பையத் தூக்கிக்கிட்டு கிளம்பிடுவீங்க. நான் இவங்களோட இங்கதான் இருக்கணும். புது வார்த்த சொல்லிக் கொடுங்க, வேணாங்கல. புதுப் பிரச்சன சொல்லிக் கொடுக்காதீங்க லா."

அவர் மனைவி சிரித்தார். அஞ்சனாவுக்குக் காது சூடாகியது. தட்டில் விழுந்த குழம்பைச் சாப்பிடாமல் எழுந்துவிட வேண்டும் என்று இருந்தது. எழவில்லை, சாப்பிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது நகரத்தின் விளக்குகள் கடலில் நீண்டு கிடந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் தன் முழங்காலைப் பார்த்தபடி வந்தாள்.

கண்மணியை அதற்கு அடுத்த நாள் வேன் ஏற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு வகுப்பில் அவள் வாயைத் திறப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஜூலை கடைசியில் நாள் கணக்காக மழை கொட்டியது. கொட்டகைக்கு வந்த கேரட்டில் பாதி சேறு. கழுவும் இயந்திரத்தின் பெல்ட்டில் சேறும் தழையும் அடிக்கடி அடைத்துக்கொண்டன. பெல்ட்டின் பக்கவாட்டில் கை போகாதபடி ஒரு இரும்பு மூடி இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் அதைக் கழற்றி மாட்ட நேரமாகிறது என்று அதை முன்பே கழற்றிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அன்று காலை பெல்ட் திணறி நின்றபோது, இயந்திரத்தை நிறுத்தாமலே கையை விட்டு இழுக்கும்படி சூப்பர்வைசர் சைகை காட்டினான். பக்கத்தில் நின்றவள் தமயந்தி. முதலில் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள், அவன் கேட்கவில்லை. இழுத்தாள். தழை வந்துவிட்டது. கூடவே பெல்ட் ஓடத் தொடங்கி, அவள் வலது கையின் ரப்பர் உறையைக் கவ்வி உள்ளே இழுத்தது.

பத்து மணிவாக்கில் நரேந்திரன் அஞ்சனாவுக்குப் போன் பண்ணி உடனே வாசலுக்கு வரச் சொன்னார். வேன் வந்து நின்றது. பின் இருக்கையில் தமயந்தி. கையைச் சுற்றி ஒரு துண்டு. துண்டின் நுனியிலிருந்து ரத்தம் சொட்டி அவள் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. முகம் சாம்பல் நிறம். அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முன் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். புக்கெகோஹியிலும் கிளினிக் இருக்கிறதே, இவ்வளவு தூரம் ஏன் கொண்டுவந்தீர்கள் என்று அஞ்சனா கேட்டாள். இங்கே தெரிந்த இடம் என்றார் நரேந்திரன். கொட்டகையை யாருக்கும் தெரியாத இடம் என்பதுதான் அதன் பொருள் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

வண்டி ஓடும்போதே அவர் சொல்லவேண்டியதைச் சொன்னார். டாக்டர் கேட்டால் வேன் கதவில் விரல் மாட்டிவிட்டது என்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் எங்கே அடிபட்டாலும் வைத்தியம் அரசாங்கத்தின் பொறுப்பு, அதனால் அக்காவுக்கு ஒரு குறையும் வராது. கொட்டகை என்று சொன்னால் வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் வருவான். வந்தால் கொட்டகைக்காரன் நம் ஆட்களே வேண்டாம் என்பான். அத்தனை பெண்களுக்கும் வேலை போகும்.

"நான் அப்படிச் சொல்ல மாட்டேண்ணே," என்றாள் அஞ்சனா.

நரேந்திரன் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். பதில் அங்கிருந்து வந்தது.

"அப்பிடியே சொல்லுங்கோ பிள்ளை. கதவு எண்டே சொல்லுங்கோ." தமயந்தியின் குரல் தேய்ந்து போயிருந்தது. "எனக்கு வீடும் வேணும், வேலையும் வேணும்."

தான் இத்தனை நாள் தின்ற சோறும் தூங்கிய அறையும் இந்த ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்வதற்காகத்தானோ என்று அஞ்சனாவுக்குத் தோன்றியது.

கிளினிக்கில் உடனே உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் துண்டைப் பிரித்தபோது அஞ்சனா பார்வையைத் திருப்பிக்கொண்டாள், பிறகு வலுக்கட்டாயமாகப் பார்த்தாள். நடுவிரலும் மோதிர விரலும் விரல்களாகவே இல்லை. டாக்டர் நரைத்த தலையுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண். எப்படி ஆனது என்று கேட்டார். நரேந்திரன் முந்திக்கொண்டு, வேன் கதவு என்றார். நான் காயம்பட்டவரைத்தான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கச் சொல்லி டாக்டர் அஞ்சனாவின் பக்கம் திரும்பினார்.

"எப்படி ஆச்சுன்னு டாக்டர் கேக்குறாங்கக்கா," என்றாள் அஞ்சனா.

தமயந்தி அவளை நேராகப் பார்த்தாள். "வேன் கதவு எண்டு சொல்லுங்கோ."

அஞ்சனா டாக்டரைப் பார்த்துத் திரும்பினாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்தது அவளே தயார் செய்து வைக்காத பேச்சு. தான் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றாள். இந்த மனிதர்தான் இந்த அம்மாவின் முதலாளி, வீட்டுக்காரரும் இவர்தான், தானும் இவர் கொடுத்த அறையில்தான் இருக்கிறேன் என்றாள். அதனால் தன் வாய் வழியாக வருகிற எதையும் எழுதிக்கொள்ள வேண்டாம், போனில் தமிழ் தெரிந்த வேறு ஆளைக் கூப்பிட்டுப் பேசுங்கள், அதுவரை எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்புங்கள் என்றாள். எல்லாம் மளமளவென்று, இங்கிலீஷில்.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. கதவைக் காட்டினார். நரேந்திரன் எழுந்தார்.

தமயந்திக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் எழுவதைப் பார்த்துப் பதறினாள். "என்ன சொன்னனீங்கள்? ரீச்சர், எங்க போறியள்?" இடது கையை நீட்டி அஞ்சனாவின் ஜாக்கெட்டைப் பிடித்தாள். "என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ."

பயப்படாதீங்க, ஒருத்தர் போன்ல வருவாங்க என்று சொல்லி, அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு அஞ்சனா வெளியே வந்தாள். கதவு மூடிக்கொண்டது.

கார் நிறுத்துமிடத்தில் தூறிக்கொண்டிருந்தது. நரேந்திரன் குடையை விரிக்கவில்லை. அவர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. எட்டுக் குடும்பத்தின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாய், சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்துவிடு என்றார். அவருடைய அந்தச் சாந்தமான குரல்தான் அஞ்சனாவை வெடிக்க வைத்தது.

"மண்ணப் போட்டது நானா? அந்த மூடியக் கழட்டுனது யாரு? ஒரு பொண்ணு முதுகு வலிக்குதுன்னு சொன்னதுக்கு வேன நிறுத்தாம போனது யாரு? ரத்தம் சொட்டச் சொட்ட உங்களுக்குத் தெரிஞ்ச கிளினிக் வரைக்கும் ஓட்டிட்டு வந்தீங்களே, உங்களுக்குக் கை நடுங்கலையா?"

போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது பொருட்டாக இல்லை. மலாயில், இங்கிலீஷில், தமிழில் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள். நரேந்திரன் கேட்டுக்கொண்டே வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து தமயந்தியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டது. தள்ளுபடுக்கையில் போகும்போது தமயந்தி கண்ணைத் திறந்திருந்தாள். அஞ்சனா பக்கத்தில் ஓடினாள். தமயந்தி முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டாள்.

அறைக்குத் திரும்பி முதுகுப்பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நிருஜா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அஞ்சனா நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் பள்ளிப்பையைக்கூட இறக்காமல் கேட்டாள். முழுக்க இங்கிலீஷில்தான் பேசினாள், ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று உனக்குத் தெரியுமல்லவா, தெரிந்தும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாயா? அஞ்சனா சட்டம், நேர்மை என்று என்னவோ சொல்லத் தொடங்கினாள். அவள் முடிக்கும்வரை நிருஜா நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

அன்று நகரத்துக்குள் ஒரு பேக்பேக்கர் விடுதியில் படுக்கை கிடைத்தது. குளிர்காலமானதால் பாதி காலி. சமையலறையில் ஒரு ஜெர்மன் பையனும் ஒரு பிரெஞ்சுப் பெண்ணும் எந்தப் பனிமலை அழகு என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். இங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார்கள். அகதிகளுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தேன் என்றாள். எவ்வளவு நல்ல காரியம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அஞ்சனா தேநீர்க் கோப்பையைக் கழுவாமலே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

திட்டப்படி வடக்கே போவது என்று முடிவு செய்தாள். பஸ் பிடித்து முனைக்குப் பக்கத்து ஊர் வரை போய், முடிவே இல்லாத அந்த நீளமான கடற்கரையில் பையைச் சுமந்து நடந்தாள். அதற்காகத்தானே வந்தது. காற்று மணலை வாரி முகத்தில் அறைந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. அவள் கடலைப் பார்த்து நரேந்திரனைத் திட்டினாள். மூடியைக் கழற்றியவனைத் திட்டினாள், பொய் சொல்லச் சொன்ன தமயந்தியையும் திட்டினாள். திட்டத் திட்ட ஆறவில்லை. நான் செய்தது சரி, நான் செய்தது சரி என்று அடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டு நடந்தவளுக்கு, ஜாக்கெட்டைப் பிடித்த அந்த இடது கையைத் தான் எடுத்துவிட்டது மட்டும் கணக்கில் இடிக்கவே செய்தது. கூடாரத்துக்குள் தண்ணீர் புகுந்த அன்று, பாதி வழியில், பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். வண்டியில் ஏற்றிக்கொண்ட மாவோரி முதியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ரேடியோவைப் போட்டுவிட்டார்.

ஆக்லாந்தில், விடுதியின் குளியலறைகளைக் கழுவிக் கொடுத்தால் படுக்கை இலவசம் என்று ஏற்பாடாயிற்று. ரயில் பிடித்து ஒடாஹுஹுவுக்குப் போய்க் கண்மணியைத் தேடிப் பிடித்தாள். மிச்சக் கதையைக் கண்மணிதான் சொன்னாள்.

போனில் வந்தது வெலிங்டனிலிருந்து ஒரு தமிழ்நாட்டு ஆணின் குரல். தமயந்தி முதலில் வேன் கதவு என்றுதான் சொன்னாளாம். கதவு நசுக்கும், இப்படிச் சுற்றிப் பிய்க்காது என்று டாக்டர் சொன்னார். காயத்துக்குள் இருந்த சேற்றையும் கேரட் நாரையும் எடுத்துக் காட்டினார். உங்களுக்கு யாரிடமாவது பயமா என்று கேட்டார். அதற்குப் பிறகு தமயந்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் மோதிர விரலை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் பாதி மிஞ்சியது.

இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். ஆள் அனுப்பியவர் பொறுப்பு என்றது கொட்டகை. இயந்திரம் கொட்டகையுடையது என்றார் நரேந்திரன். விசாரணை இழுத்துக்கொண்டிருந்தது. மூடி மட்டும் அடுத்த நாளே மாட்டப்பட்டுவிட்டது. கொட்டகை ஆள் அனுப்ப வேறொருவரைப் பார்த்துக்கொண்டது. புது வேனில் பாதிப் பெண்களுக்குத்தான் இடம் கிடைத்தது. கிடைக்காதவர்களில் இரண்டு பேர் தமயந்தியோடு கதைப்பதையே விட்டுவிட்டார்கள். நரேந்திரன் கோயிலில் முன்போலவே முன்வரிசையில் நின்றார். பை மாட்டிக்கொண்டு வந்த ஒரு மலேசியப் பெண் ஊரைக் குழப்பிவிட்டுப் போய்விட்டாள் என்று வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒரு சட்டி நிறையக் குழம்போடு தமயந்தியைப் பார்க்க வந்து, வீட்டை விற்கப் போகிறோம், அவசரமில்லை, வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

இதைக் கேட்ட அஞ்சனா டெய்ரி என்று அங்கே சொல்லும் தெருமுனைச் சில்லறைக் கடையின் வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உண்மையைச் சொன்னவளுக்கு விரலும் போய் வீடும் போக, பொய் சொல்லச் சொன்னவர் சாமி முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்மணி அவளைப் பார்த்து, இங்கேயே இருந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாள். வகுப்பு நடத்தப்போகிறேன் என்றாள் அஞ்சனா. கோபத்தில் வந்த பதில்தான். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் நூலகத்தில் ஒரு மேசை கேட்டு வாங்கினாள். கண்மணியோடு மூன்று பேர் வந்தார்கள். நடுவில் ஒருநாள் தமயந்தியின் வீட்டுக்கதவைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே டிவி சத்தம் கேட்டது. யாரும் திறக்கவில்லை.

செப்டம்பர் பிறந்தும் குளிர் விடவில்லை. ஒரு சனிக்கிழமை தமயந்தி வந்தாள். வலது கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது. கூடவே நிருஜா, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. மற்ற பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அஞ்சனா எழுந்து நின்றாள்.

தமயந்தி உட்கார்ந்துகொண்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். "எனக்கு இங்கிலீஷில ஏசப் பழக்குங்கோ."

"யாரக்கா ஏசணும்?"

"நரேந்திரனுக்குத் தமிழ் விளங்கும். அந்தாளுக்குத் தமிழிலயே குடுத்திட்டன், கோயில் வாசலில வச்சு. இது அந்தச் சூப்பர்வைசருக்கு. வாற கிழமை எங்களை எல்லாரையும் ஒண்டா இருத்தி விசாரிக்கப் போகினமாம். போனில ஆள் தருவினம் எண்டு சொன்னவை. எனக்கு வேண்டாம். அவன்ர முகத்தைப் பாத்து நானே சொல்லவேணும்."

என்ன சொல்ல வேண்டும் என்று அஞ்சனா கேட்டாள். தமயந்தி தமிழில் சொன்னாள், அது நீளமாக இருந்தது. பக்கத்து மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவும் இருந்தது. அஞ்சனா அதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்துக் கொடுத்தாள். மெஷினை நிறுத்தச் சொன்னேன். நீ நிறுத்தவில்லை. கையை உள்ளே விடச் சொன்னாய். நான் விட்டேன். தமயந்தி ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாக்கு புரளாத இடத்தில் மேசையை இடது கையால் தட்டினாள். நிருஜா முதலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லை அம்மா தப்பாகச் சொன்னபோது தாங்க முடியாமல் திருத்தினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போனார்கள். அஞ்சனா மெதுவான குரலில், அன்றைக்குத் தான் நினைத்தது என்ன என்று சொல்லத் தொடங்கினாள். தமயந்தி கை காட்டி நிறுத்தினாள்.

"நீங்கள் செய்தது பிழை எண்டு நான் சொல்லேல்லை. நான் சொன்னது பொய்தான். ஆனா நீங்கள் டொக்டரோட இங்கிலீஷில கதைக்க முதல், என்னட்டத் தமிழில ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என்னைப் பாத்து, அக்கா, நான் இப்பிடிச் செய்யப்போறன் எண்டு. என்ர கை, என்ர வேலை, என்ர வீடு. நீங்கள் என்ர தலைக்கு மேலால கதைச்சனீங்கள். நரேந்திரனும் அப்பிடித்தான் கதைக்கிறவர்."

அந்தப் பெயரோடு தன்னையும் சேர்த்துச் சொன்னதும் அஞ்சனா எதிர்த்துப் பேச வாயைத் திறந்தாள். அவரும் நானும் ஒன்றா என்று கேட்க வந்தாள். கேட்கவில்லை.

தமயந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கையை மேசை மேல் தூக்கி வைத்தாள். பிறகு, கற்றுக்கொண்டதை வைத்துத் தானே கோத்து, அஞ்சனாவின் முகத்தைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னாள்.

"ஐ சே டோண்ட் கோ. யூ கோ."

நிருஜா அம்மாவைப் பார்த்தாள், பிறகு ஆசிரியையைப் பார்த்தாள்.

"பிழை இருக்கோ?" என்று கேட்டாள் தமயந்தி.

"இருக்குக்கா. நடந்து முடிஞ்சதுன்னா 'செட்'. அப்புறம் 'வெண்ட்'."

"ஐ செட் டோண்ட் கோ." தமயந்தி நிறுத்தினாள், மூச்சை இழுத்துக்கொண்டாள். "யூ வெண்ட்."

"சரியா சொன்னீங்க," என்றாள் அஞ்சனா.

தமயந்தி தலையை ஆட்டினாள். முகம் இளகவில்லை. தேநீர்க் கோப்பைகளோடு பெண்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசருக்குச் சொல்ல வேண்டியதில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது, அடுத்ததை எடுங்கோ என்றாள் அவள். அஞ்சனா பேனாவை எடுத்தாள்.